சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்குச் சிறு காய்ச்சல் என்று ஒன்று இல்லை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சாங்கி விமான நிலையத்தில் திருச்சி, சென்னை விமானங்களுக்கான வரிசை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைலோ டின், கோடாலித் தைலம், சோப்புக் கட்டிகள், பேரப்பிள்ளைகளுக்குச் சாக்லேட். எடை கூடிவிட்டது என்று ஒரு பெட்டியைத் திறந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றும் வேலை ஓயாது நடக்கும். அந்த வரிசையில் நிற்கும் சிலரிடம் ஒரு சிறிய கைப்பை இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைக்கமாட்டார்கள், பிள்ளைகளிடம் கொடுக்கமாட்டார்கள், கழிவறைக்குப் போனாலும் கூடவே எடுத்துப் போவார்கள். உள்ளே இருப்பவை மாத்திரைகள். பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. ஆயுள் முழுதும்.

அவர்கள் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள்.

அப்படி ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயது, தெம்பனிஸ் வட்டாரத்தில் வீடு, பல வருட நீரிழிவு. நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் வாழ்க்கை. பொட்டாசியம் ஏறிவிடும் என்று இளநீரைத் தொடாமல் கழிந்த நான்கு தீபாவளிகள். பிறகு மனைவி தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. எட்டாவது மாதத்தில் ஊரில் தம்பி கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மருத்துவரிடம் கேட்டால் வேண்டாம் என்பாரோ என்று கேட்காமலேயே டிக்கெட் எடுத்தார்கள்.

ஊரில் பத்து நாள். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் வரை சிமெண்டும் மணலும் பறந்துகொண்டிருந்த வீடு. பூட்டிக் கிடந்த பழைய வீட்டையும் திறந்து ஒட்டடை அடித்தார்கள். அவரும் ஒரு கை பிடித்தார். திரும்பி வந்த மூன்றாம் நாள் வலப்பக்க மூக்கு அடைத்துக்கொண்டது. கன்னத்தில் ஒரு மந்தமான வலி. வெப்பமானி வைத்தால் 37.6. இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு ஆவி பிடித்தார்.

“என்னங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடட்டுமா?”

“மூக்கடைப்புக்கெல்லாம் அவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணுவாங்களா? செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கு. அப்பச் சொல்லிக்கலாம்.”

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

இவர் கற்பனை மனிதர். ஆனால் இந்த ஆறு நாள் கற்பனை அல்ல. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வரும் கடுமையான பூஞ்சைத் தொற்றுகளில் உயிரும் உறுப்பும் கைநழுவிப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாள்களில்தான்.

பூஞ்சை என்றால் படர்தாமரை மட்டுமா?

பூஞ்சை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது படர்தாமரை, சேற்றுப்புண், பொடுகு. களிம்பு தடவினால் போய்விடும் சங்கதி. அது தோலோடு நின்றுவிடாது என்பதைச் சிங்கப்பூர் 2006ஆம் ஆண்டில் ஒரு முறை பார்த்தது. கண்ணில் பொருத்தும் வில்லைகளுக்கான ஒரு திரவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழி புண்ணானது. அந்தத் திரவத்தின் விற்பனை இங்கே நிறுத்தப்பட்டது. அவர்கள் பெரும்பாலும் நல்ல உடல்நலம் உள்ளவர்கள். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருப்பவரின் நிலை வேறு.

காற்றில் பூஞ்சை விதைத்துகள்கள் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கித் தீர்த்துவிடுவதால் ஒன்றும் தெரிவதில்லை. மாற்று உறுப்பு பெற்றவரின் உடலில் அந்தக் காவலைத்தான் மருத்துவர்கள் வேண்டுமென்றே தளர்த்தி வைக்கிறார்கள். தளர்த்தாவிட்டால், வந்திருக்கும் சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டு உடல் அழித்துவிடும்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர்கள். இரட்டையர் இல்லாத உலகத்துக்கு மருந்து தேவைப்பட்டது. அது கிடைத்த இடம் விசித்திரமானது. சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனமான சாண்டோஸ், நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து வந்த மண்ணைச் சோதித்தபோது அதில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து எடுக்கப்பட்டதுதான் சைக்ளோஸ்போரின். 1983ல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்த பிறகு உறுப்பு மாற்று சிகிச்சையின் முகமே மாறிப்போனது. இன்று பலரும் விழுங்கும் மைக்கோஃபீனோலேட்டும் பெனிசிலியம் வகைப் பூஞ்சையின் சரக்கு. டாக்ரோலிமஸ், 1984ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து கிடைத்த மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது. அதே மண்ணில் கிடக்கும் இன்னொரு பூஞ்சை, அந்த மருந்து திறந்துவைத்த கதவு வழியாக நுழையப் பார்க்கிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரை 23 மருத்துவமனைகள் சேர்ந்து கணக்கெடுத்தபோது, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களில் முதலாண்டில் கடுமையான பூஞ்சைத் தொற்று வந்தவர்கள் சுமார் 1.3 விழுக்காட்டினர் மட்டுமே. மாற்று உறுப்புகளிலேயே இது மிகக் குறைவு. இந்திய மருத்துவமனைகளின் அறிக்கைகளில் இந்த அளவு சில மடங்கு கூடுதல். வெப்பம், தூசி, நீரிழிவு, நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது எனக் காரணங்கள் பல. நூற்றில் ஒருவருக்கு வருவதை எண்ணி மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவேண்டும் என்பதில்லை. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சங்கடம்.

எந்த மாதத்தில் எது?

இந்தத் தொற்றுகளுக்கு ஏறக்குறைய ஒரு கால அட்டவணை உண்டு. முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் கேண்டிடா. அறுவை சிகிச்சைக் காயம், சிறுநீர்க் குழாய், ரத்த நாளத்தில் செருகிய குழாய் ஆகியவை அதற்கு வழி. இது மருத்துவமனைக்குள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அடுத்த ஐந்தாறு மாதங்களில் நுரையீரலைத் தாக்குபவை வருகின்றன. நியூமோசிஸ்டிஸ் என்பது அவற்றில் ஒன்று. நடந்தால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் இருக்கும். இதைத் தடுக்கத்தான் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை பல மாதங்களுக்குத் தரப்படுகிறது. “மாத்திரை அதிகமாக இருக்கிறது, இதையாவது விட்டுவிடலாமே” என்று சிலர் தாமாகவே நிறுத்துவது இதைத்தான். மலிவான, பழைய மாத்திரைதான். அதன் மதிப்பு அதை நிறுத்திய பிறகுதான் தெரியவரும். ஆஸ்பர்ஜில்லஸும் இந்தக் காலத்தில் வரும். மக்கிய இலை, வைக்கோல், இடிக்கும் கட்டடத்தின் தூசி எல்லாவற்றிலும் இருப்பது. இருமலில் ரத்தம், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலி.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பவர்களுக்காகக் காத்திருப்பது கிரிப்டோகாக்கஸ். ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் வரும். புறா எச்சத்தில் வாழ்வது. நுரையீரல் வழியாக நுழைந்து மூளை உறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி வரும், ஆனால் மண்டையைப் பிளக்கும் வலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டு வாரமாகப் போகாத தலைவலி, சற்றுக் குழப்பமான பேச்சு, எப்போதும் தூக்கம். வீட்டில் உள்ளவர்கள் “வயசாயிடுச்சு” என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. காலில் முள் குத்திய இடத்தில், பல மாதம் கழித்து வலியே இல்லாத ஒரு கட்டி. கறுப்பு நிறமி கொண்ட மண் பூஞ்சைகள் செய்யும் வேலை. வலியில்லை என்பதாலேயே யாரும் காட்டுவதில்லை. வெறுங்காலோடு வயலில் நடந்தவர், கோயில் வெளி வீதியைச் சுற்றி வந்தவர் இந்தக் கட்டியைக் கண்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வேகமானது மியூக்கர்.

வீட்டில் ரொட்டியை மறந்து வைத்துவிட்டால் மேலே சாம்பல் நிறத்தில் முடிபோல ஒன்று படருமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்குச் சர்க்கரை பிடிக்கும், இரும்புச் சத்து பிடிக்கும். 1980களில் டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் சேர்ந்த அலுமினியத்தையும் இரும்பையும் வெளியேற்ற டெஸ்ஃபெரியாக்ஸமின் என்ற மருந்து கொடுக்கப்பட்டபோது, அவர்களில் சிலருக்கு மியூக்கர் வந்தது. காரணத்தை ஆராய்ந்ததில், இரும்பை வெளியேற்ற வந்த மருந்தே அதைப் பூஞ்சைக்கு எடுத்துக் கொடுத்தது தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகின்றன. முன்பு நீரிழிவு இல்லாதவருக்கும் புதிதாக வரலாம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம் என்றும், இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதல் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பலகாரத் தட்டை நீட்டும்போது அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மியூக்கர் மூக்கின் பக்கவாட்டு அறைகளில் தொடங்கும். ரத்த நாளங்களின் சுவருக்குள் புகுந்து அவற்றை அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். கருப்பு என்பது பூஞ்சையின் நிறம் அல்ல, செத்த சதையின் நிறம். அங்கிருந்து கண், கண்ணிலிருந்து மூளை. இதற்குச் சில நாள்கள் போதும். ஒரு பக்க மூக்கடைப்பு, ஒரு பக்கக் கன்ன வலி, காரணமில்லாமல் ஆடும் மேல் பல், மூக்கிலிருந்து கறுத்த நீர், வாயின் மேலண்ணத்தில் கரும்புள்ளி, ஒரு கண் வீங்குவது, உருவம் இரண்டாகத் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கும் விஷயமில்லை.

காய்ச்சல் அதிகமாக இல்லையே என்ற சமாதானமும் செல்லாது. தினமும் விழுங்கும் பிரெட்னிசோலோன் காய்ச்சலை அமுக்கி வைக்கும். மற்றவருக்கு 39 பாகை காட்டவேண்டிய இடத்தில் இவருக்கு 37.6 காட்டலாம். பெனடோல் அதையும் அமுக்கிவிடும். தெம்பனிஸ்காரர் அதைத்தான் செய்தார்.

வில்லிவாக்கம் வரை போன பாதை

சிங்கப்பூரின் முதல் சிறுநீரக மாற்று 1970 ஜூலையில் ஊட்ரம் பொது மருத்துவமனையில் நடந்தது. 1971ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்ததுதான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று கருதப்படுகிறது. ஆக, இரண்டு ஊருக்கும் இதில் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் உறுப்பு கிடைப்பதில் வித்தியாசம் இருந்தது. இங்கே 1987ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004ல் மற்ற உறுப்புகளும் மற்ற வகை மரணங்களும் சேர்ந்தன. 2008ல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். அப்படியும் இறந்தவர் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

காத்திருக்க முடியாதவர்கள் விமானம் ஏறினார்கள். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் சிறுநீரகம் விலைக்குக் கிடைத்தது. சென்னையின் வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகி, அந்த இடத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. 1994ல் இந்திய நாடாளுமன்றம் உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. விற்றவர்களின் வறுமை பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதவேண்டியதுதான். வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மும்பையில் சிறுநீரகம் வாங்கிக்கொண்டு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளுக்கும் ஓமானுக்கும் திரும்பிய சுமார் 130 பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 1990ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார். கிருமித் தொற்றுகள் அதில் பெரும்பங்கு வகித்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2010ல், பல நாடுகளில் விலைக்குச் சிறுநீரகம் வாங்கித் திரும்பியவர்களில் பூஞ்சைத் தொற்று கண்ட 17 பேரின் விவரங்களை வேறொரு மருத்துவர் குழு தொகுத்தது. ஆஸ்பர்ஜில்லஸ் முதலிடம், மியூக்கர் வகை இரண்டாமிடம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைக்கவில்லை. நான்கில் மூன்று பேர் வாங்கிய சிறுநீரகத்தை இழந்தார்கள்.

காரணம் புரியாதது ஒன்றும் இல்லை. விலைக்கு நடக்கும் இடத்தில் நோயாளியை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றலாம் என்பதுதான் கணக்கு. என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தாள்கூட இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு. விமானத்திலிருந்து இறங்கிய நோயாளியை முதல் முறை பார்க்கும் மருத்துவர், கண்ணைக் கட்டிவிட்டதுபோல் வேலையைத் தொடங்கவேண்டும்.

2021ல் எல்லாரும் கேள்விப்பட்டது

கருப்புப் பூஞ்சை என்ற சொல் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது 2021 மே மாதத்தில். கொவிட் இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு மருந்து தாராளமாகக் கொடுக்கப்பட்டது. அதனால் சர்க்கரை எகிறியது. மியூக்கருக்குக் கதவு திறந்தது. தமிழ்நாட்டு அரசு அந்த மாதமே அதை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் இந்தியாவில் 40,845 பேருக்கு நோய் கண்டதாக மத்திய சுகாதார அமைச்சர் சொன்னார். அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆம்ஃபோடெரிசின் ஊசி மருந்துக்கு அலைந்த குடும்பங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டு மற்றவர்களுக்கு நேர்ந்தது, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு எல்லா ஆண்டும் நேரக்கூடியது. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்த அதே கூட்டணிதான். உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக, கவனம் செலுத்தவேண்டிய பூஞ்சைகள் என்று 19 வகைகளைப் பட்டியலிட்டது. பாக்டீரியாவுக்கு அதுபோன்ற பட்டியல் 2017லேயே வந்துவிட்டது. பூஞ்சைக்கு ஐந்து ஆண்டு தாமதம்.

சிறுநீரகமா, உயிரா?

தெம்பனிஸ்காரர் ஆறு நாள் காத்திருந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது வலக் கண் வீங்கியிருக்கிறது. மூக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் பூஞ்சை இழைகள் தெரிகின்றன. செத்த சதையை வெட்டி எடுக்கவேண்டும். மருந்து மட்டும் போதாது, ஏனென்றால் ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. பூஞ்சை எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெட்டு. சில நேரம் கண்ணையும் எடுக்கவேண்டி வரும்.

கொடுக்கும் மருந்து ஆம்ஃபோடெரிசின். 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து கிடைத்தது. பூஞ்சையைக் கொல்வதில் கெட்டிக்காரமருந்து. சிறுநீரகத்தைக் கெடுப்பதிலும் அப்படியே. கொழுப்புத் திவலைக்குள் பொதிந்து தரும் புதிய வகை அந்தக் கெடுதலைக் குறைக்கிறது, முழுதும் நீக்குவதில்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் கொடுத்தால் வேறு சிக்கல். அது டாக்ரோலிமஸ் உடலில் கரைவதைத் தடுத்து அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். அதனால் வோரிகோனசோல் தொடங்கும்போதே டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்கிறார்கள். அதை நிறுத்தும்போது மறுபடி கூட்டவேண்டும். இதை மறந்தால் பூஞ்சையிலிருந்து தப்பிய சிறுநீரகம் நிராகரிப்பில் போய்விடும்.

இத்தனையும் செய்தும் போதவில்லை என்றால் மருத்துவர்கள் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும் மாத்திரைகளைக் குறைப்பார்கள், சில நேரம் அறவே நிறுத்துவார்கள். உடலின் காவல் திரும்ப எழவேண்டும். எழுந்தால் அது பூஞ்சையை மட்டும் அடிக்காது, சிறுநீரகத்தையும் அடிக்கும். உயிரைக் காக்கச் சிறுநீரகத்தை விடவேண்டிய இடம் இது. தம் உடலிலிருந்து அதைக் கொடுத்த மனைவி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். மறுபடியும் வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம். அதுவும் உயிர் பிழைத்தால்.

இரண்டாம் நாளே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. வெட்டு சிறியதாக இருந்திருக்கும், கண் தப்பியிருக்கும், சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். வெறும் சளியாக இருந்திருந்தால், மருத்துவமனைத் தாதி ஒருவருக்கு ஐந்து நிமிடம் போயிருக்கும். அவர்கள் அந்த அழைப்பைத் தொந்தரவாக நினைப்பதில்லை. தமிழர்களிடம் இந்த ‘தொந்தரவு’ என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே புழங்குகிறது.

வீட்டைச் சுற்றி

ஊருக்குப் போனால்தான் ஆபத்து என்று எண்ணவேண்டாம். லிட்டில் இந்தியாவில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பதைப் புண்ணியமாகக் கருதுபவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஜன்னல் விளிம்பிலும் ஏர்கான் பெட்டி மீதும் காய்ந்து கிடக்கும் புறா எச்சத்தைச் சுரண்டும் வேலை, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு உரியது அல்ல. வேறொருவர் முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, பிறகு துடைக்கட்டும். காய்ந்ததைச் சுரண்டினால்தான் தூசி பறக்கும்.

பக்கத்து வீட்டில் தரையோடு உடைத்துப் புதுப்பிக்கிறார்களா? அந்த வாரம் முன்கதவைச் சாத்தி வைக்கலாம், அல்லது மகள் வீட்டில் போய் இருக்கலாம். தாழ்வாரத்தில் துளசி, கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர் மண் மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விடவேண்டும். தண்ணீர் ஊற்றுவதற்குத் தடையில்லை.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பம்பளிமாஸ். சீனப் புத்தாண்டு நேரத்தில் அண்டை வீட்டார் அன்போடு கொடுப்பார்கள். அதுவும் அதன் உறவான கிரேப்ஃபுரூட்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அளவு ஏறினால் எதிர்ப்புச் சக்தி மேலும் தளரும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான், இரண்டு நாள் போனாலே மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடுவது உண்டு. மருந்து வெளியே போய்விட்டிருக்கும் என்று இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வது எதிர்த்திசையில் ஓடுவதாகும்.

ஊருக்குப் போகவே கூடாதா?

போகலாம். முதலாண்டில், அதிலும் நிராகரிப்புக்குச் சிகிச்சை பெற்ற சில மாதங்களுக்குள், தள்ளிப்போடுவது நல்லது. நிராகரிப்பை அடக்கக் கொடுக்கும் பலத்த மருந்துகளுக்குப் பின் வரும் மாதங்களில்தான் பூஞ்சைக்கு அதிக வாய்ப்பு. தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டால், வேண்டாம் என்பதைவிட, எப்போது போகலாம் என்றுதான் அவர் பெரும்பாலும் சொல்வார்.

மாத்திரை தங்கும் நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்கட்டும். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய மருத்துவமனைக் கடிதத்தின் ஒரு நகல் கைப்பையில், ஒரு நகல் மனைவியிடமோ மகனிடமோ. திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ சிறுநீரகச் சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனை எது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று போகும் முன்பே தெரிந்திருக்கவேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டை, அவர் போய்ச் சேர இரண்டு நாளுக்கு முன்பே உறவினர்கள் திறந்து கழுவி வைக்கவேண்டும். பரணில் வௌவால் தங்கிய வீடு என்றால் வேறு வீட்டில் தங்கட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போயே ஆகவேண்டுமானால் என்95 முகக்கவசம். வைக்கோல் போர், குப்பைக் குழி, மாட்டுத் தொழுவம் பக்கம் வேண்டாம். கோயிலில் வெறுங்காலோடு நடந்தால் திரும்பியதும் காலைக் கழுவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

திரும்பி வந்த பிறகு எந்த மருந்தகத்துக்குப் போனாலும், பதிவு மேசையிலேயே இரண்டு விஷயத்தைச் சொல்லவேண்டும்: சிறுநீரகம் மாற்றியிருக்கிறது, இந்தியா போய் வந்தேன். அக்கம்பக்கத்து மருந்தகத்தில் மூக்கடைப்பு என்று மட்டும் சொன்னால் மூக்கடைப்புக்கு உள்ள மருந்துதான் கிடைக்கும். இரவில் சிமெய் வட்டாரத்தில் உள்ள சாங்கிப் பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலும் இதையே சொல்லி, எந்த மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

மாத்திரை நேரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்தியா சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை எட்டு என்றால் திருச்சியில் விடியற்காலை ஐந்தரை. பத்து நாள் பயணத்துக்குச் சிலர் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறார்கள். சிலர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே பன்னிரண்டு மணி நேர இடைவெளி இருந்தால் இரண்டும் சரிதான்.